வெள்ளத்துக்குப் பிறகு நடமாட்டத்தை மணிக்கட்டுப் பேண்ட் கட்டி அளப்பது எப்படி?

2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்ததே, அதுபோன்ற பாதிப்புக்குப் பிறகு மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைகிறது, எப்போது பழையபடி ஆகிறது என்று அளக்க, அதற்கு முந்தைய கணக்கு வேண்டும். வெள்ளம் சொல்லிவிட்டு வராது. அதனால் ஏற்கெனவே பேண்ட் (நடக்கும் அடிகளை எண்ணும் பட்டை) கட்டுகிறவர்களைச் சேர்த்து, எழுத்து ஒப்புதலோடு அதன் செயலியில் கிடக்கும் முந்தைய நான்கு வாரக் கணக்கை இறக்குங்கள். அதற்குள் சித்திரைத் திருவிழா வந்தால் அந்த நாட்களை விடுங்கள். எதிர்சேவைக்கு, அதாவது அழகரை எதிர்கொண்டு வரவேற்க, நடந்த நடை சராசரியை ஏற்றிவிடும், அடுத்த சாதாரண வாரமே சரிவாகத் தெரியும்.

புதிதாகப் பேண்ட் கொடுத்தால் முதல் இரண்டு மூன்று நாள் ஆர்வத்தில் கூடுதலாக நடப்பார்கள். அதைச் சேர்க்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாடல், அதிகம் புழங்காத கை. கோப்பில் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் 5.30 மணி கூட்டுங்கள். மறந்தால் விடியற்காலை 5 மணி நடை முந்தைய நாள் கணக்கில் விழும்.

விழித்திருக்கையில் 10 மணி நேரம் கட்டியிருந்தால் அது கணக்கில் செல்லுபடியாகும் நாள். வாரத்துக்கு அப்படி நான்கு நாள் வேண்டும், அதில் ஒன்று ஞாயிறு. தொடர்ந்து 60 நிமிடம் அசைவே இல்லையென்றால் கழற்றியதாகக் கொள்வது வழக்கம். வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்கு 90 நிமிடம் வைப்பது நல்லது.

மணிக்கட்டு பொய் சொல்லும். தறியில் உட்கார்ந்தவருக்கும் மல்லிகை பறிப்பவருக்கும் கால் நகராமலே அசைவு ஏறும். குண்டும் குழியுமான ரோட்டில் டூவீலர் ஓட்டினாலும் அப்படித்தான். இரண்டு கையிலும் வாளி தூக்கி வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டுகிறவருக்கோ நடந்த அடிகள் விட்டுப்போகும். அன்று என்ன வேலை என்று தினமும் ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

பேண்ட் கட்டாத வெற்று நாட்களில்தான் ஆய்வு கெடுகிறது. கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை, கட்டவே மனசில்லை. அங்கே பூஜ்யம் போட்டால் படுத்தே கிடந்ததாக ஆகும். அந்த நாளை அடியோடு நீக்கினால் தேறியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மறுநாளே போன் போட்டுக் காரணத்தைக் குறியுங்கள், பவர்பேங்க் கொடுங்கள்.

ஒருவரை அவருடைய பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு அல்ல. மழையே நடையைக் குறைக்கும் என்பதால் தண்ணீர் ஏறாத தெரு ஒன்றும் உடன் வேண்டும். மன அழுத்தத்தையும் அளக்க, பத்துக் கேள்வி பிஎஸ்எஸ் (ஒருவர் தானே உணரும் மன அழுத்தத்தைக் கேட்கும்) அளவுகோல் போதும், மதிப்பெண் 0 முதல் 40. அது கடந்த ஒரு மாதத்தைக் கேட்பது. வாராவாரம் நீட்டினால் பழைய விடையே திரும்ப வரும்.