நாய்க்குட்டிக்கு இசைப் பெயரா? முதலில் தோப்பில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

பாட்டுக் கேட்கிற வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால் அன்று ராத்திரிக்குள் பெயர்கள் குவிந்துவிடும். அம்மா மோகனம் என்பார், பெரியவன் ஜாஸ் என்பான், மிருதங்கம் கற்றுக்கொள்கிற சின்னவள் தன் பாடத்திலிருந்துதான் பெயர் வரவேண்டும் என்று அடம்பிடிப்பாள். எல்லாமே நல்ல பெயர்கள்தான், சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் அதில் எது நாய்க்கு ஆகும் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பது. அதுவும் வாசலில் நின்று இல்லை, தூரத்திலிருந்து.

நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கணக்கு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள-தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களில் நாய் சோபாவில் படுத்திருப்பதைவிடத் தென்னந்தோப்பில் அணில் துரத்துவதுதான் அதிகம். ஆடியில் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் அடுத்த வரப்பில் நிற்கிற ஆளுக்கே பேச்சு சரியாகக் கேட்காது. அந்தக் காற்றிலும் மோட்டார் ரூமுக்கு அப்பால் இருக்கிற நாயின் காதில் போய் விழுகிற பெயராக இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் சங்கீதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மோகனம், கேதாரம், ரூபகம், கடம், நாதம், கமகம் என்று ஒன்றுக்கு அப்புறம் ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள், எல்லாம் ‘ம்’ என்று முடிகின்றன. முடியும்போது வாய் மூடிக்கொள்கிறது, சத்தம் மூக்கோடு நின்றுவிடுகிறது. பாட்டு வாத்தியார் ‘ஆ’ என்றே பாடிப் பழகுகிற அகார சாதகம் செய்யச் சொல்வதும் வாயை நன்றாகத் திறக்கத்தானே? நாயைக் கூப்பிடுவதற்கும் அதுவே பொருந்தும். ஆ, ஈ, ஓ என்று வாய் திறந்தபடி முடிகிற பெயரை எவ்வளவு தூரத்துக்கு வேண்டுமானாலும் நீட்டலாம். மோகனம் மீதுதான் ஆசை என்றால் மோகனா ஆக்கிக்கொள்ளுங்கள், ரூபகத்தை ரூபகா ஆக்குங்கள். கஞ்சிரா, தம்புரா, பிருகா, தில்லானா, தோடி, பேகடா, அடாணா இதெல்லாம் இயல்பாகவே திறந்த வாயில் முடிகிறவை, எதையும் வெட்ட வேண்டாம்.

ஆரம்பமும் முக்கியம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும், நாயின் காது 45,000 வரைக்கும் போகும் என்கிறார்கள். க, ட, த, ப, ச மாதிரி வெடித்தும் உரசியும் வருகிற எழுத்துகளில் இந்த மேல்பக்கத்துச் சத்தம் அதிகம், ல, ம, ழ, வ போன்றவற்றில் குறைவு. லயா என்று பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சலாம், ஆனால் தோப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூப்பிட்டால் காற்றோடு கரைந்துபோகும். அதையே தகிட என்று கூப்பிட்டால் மூன்று தட்டும் தனித்தனியாகப் போய் விழும்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் பெருவெம்புக்குப் போங்கள். மிருதங்கம், மத்தளம், செண்டை என்று தோல் வாத்தியம் செய்கிற குடும்பங்கள் உள்ள ஊர். அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, புதிதாக மூட்டின மிருதங்கத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். விளிம்பைச் சுற்றிலும் கல்லால் ஒரு தட்டு, விரலால் ஒரு சுண்டு, மறுபடி ஒரு தட்டு. கனமாக ஒலிக்கிற இடந்தலையில் தோம் என்று உள்ளங்கையை வைத்தபோது வாசலில் படுத்திருந்த செவலை நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கணீரென்று ஒலிக்கிற வலந்தலையை விரல் நுனியால் சுண்டினதும் இரண்டு காதும் விறைத்துக்கொண்டு நின்றன, தலை இந்தப் பக்கம் திரும்பியது. அவர் வேலையை நிறுத்தவில்லை, ஒவ்வொரு சுண்டுக்கும் அந்தக் காது அசைந்துகொண்டே இருந்தது.

அதனால் என் கட்சி தெளிவானது: ராகத்தை விடுங்கள், தாளத்திலிருந்து எடுங்கள். தாளத்தை வாயால் சொல்கிற சொற்கட்டு இருக்கிறதே, அது முழுவதுமே வாயால் கொட்டுவதற்காகவே உண்டான சொற்கள், நாய்க்குப் பெயர் வைக்க அதைவிடப் பெரிய களஞ்சியம் நம்மிடம் இல்லை. தகதிமி என்று முழுப்பெயர் வைத்துவிட்டுத் திமி என்று கூப்பிடலாம். தகிட, தரிகிட, கிடதக எல்லாமே நன்றாக இருக்கும். கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் வருகிற ஐந்து வாத்தியங்களில் திமிலையை இங்கே திமிலா என்றுதான் சொல்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த பெயர், இடக்காவும் அப்படித்தான். செண்டை மேளத்தில் பஞ்சாரி கம்பீரமான பெயர், பெரிய உடம்புள்ள நாய்க்குப் பொருந்தும். பாண்டி மேளமும் கம்பீரமானதுதான், ஆனால் அந்தச் சொல்லை வைத்துத் தமிழர்களைச் சீண்டுகிற வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, நம் வாயாலேயே அதை நாய்க்கு வைக்க வேண்டாம். கொங்குப் பக்கத்து ஜமாப் மேளம் இருக்கிறது, துள்ளுகிற குட்டிக்கு அதைவிடப் பெயர் வேண்டுமா? உறுமியும் உண்டு, வளைந்த குச்சியால் தோலை உரசும்போது வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் காவல் நாய்க்கு வேறு பெயர் தேட மாட்டார்கள்.

ராகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். கல்யாணி, ரேவதி, ரஞ்சனி, சஹானா, ஆரபி, பைரவி எல்லாம் ராகப் பெயர்கள், எல்லாம் பெண்களின் பெயர்களும்கூட. பக்கத்து வீட்டு அக்கா பெயரை நாய்க்கு வைத்துவிட்டு அதைச் சாயங்காலம் சத்தமாகக் கூப்பிட்டால் அவர் வெளியே வந்து பார்ப்பார், உறவு கெட்டுப்போகும். பைரவர் வாகனமே நாய்தானே என்று பைரவியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு, சிலர் வீட்டில் அது பக்தி, சிலர் வீட்டில் அபச்சாரம், பெரியவர்களைக் கேட்டுவிட்டு வையுங்கள். ஆள் பெயராக அதிகம் புழங்காத ராகங்கள் நிறைய இருக்கின்றன: தோடி, பேகடா, அடாணா, கமாஸ், பிலஹரி, சுருட்டி. வால் சுருண்ட நாட்டு நாய்க்குச் சுருட்டி என்று வைத்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பெரிய வித்வான்கள் பெயரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் வளர்ந்த மண் இது, கல்பாத்தித் தேரோடு சங்கீத உற்சவமும் நடக்கிற மாவட்டம். உங்களுக்கு அது அன்பு, கேட்கிறவர்களுக்கு மரியாதைக் குறைவு. நாய் தப்பு செய்யும்போது திட்டவும் வேண்டியிருக்கும், அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா?

அடுத்தது, வீட்டில் தினமும் புழங்குகிற சொற்களோடு மோதக்கூடாது. காபி அருமையான ராகம், கூப்பிடவும் வாகு. ஆனால் “ஏனுங்க, காபி சாப்பிடறீங்களா?” என்று யார் கேட்டாலும் நாய் எழுந்து வந்து நிற்கும், பத்துத் தடவை வந்து ஒன்றும் கிடைக்காமல் போனால் அப்புறம் அந்தச் சொல்லையே சட்டைசெய்யாது. சாபு தாளத்தைப் பெயராக வைத்தால் சாப்பாடு, சாப்பிடு என்று எதைக் கேட்டாலும் வாலாட்டும். டெம்போ வெளிநாட்டு இசையில் வேகத்தைக் குறிக்கிற சொல், இங்கே தேங்காய் ஏற்ற வருகிற வண்டி. இரண்டு மொழி பேசுகிற வீடுகளுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. வா, போ, இரு, நில்லு, வேண்டாம் என்று நாயிடம் சொல்கிற கட்டளைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைத்துக்கொண்டு, பெயர் அதில் எதையாவது ஒத்து ஒலிக்கிறதா என்று பாருங்கள். நம் ‘இரு’வும் மலையாளத்தில் உட்காரச் சொல்கிற ‘இரி’யும் ஏற்கெனவே நாயைக் குழப்பும், பெயரும் சேர்ந்து குழப்ப வேண்டாம்.

மேற்கத்திய இசையில் சோலோ, செல்லோ, பாஞ்சோ, பிக்கோலோ எல்லாம் ஓகாரத்தில் முடிகிறதால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் போவதென்றால் எனக்கு ஒரே ஒரு பெயர்தான், நிப்பர். அப்புச்சி காலத்து எச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அந்த நாய். நிஜமாகவே இருந்தது, 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்து 1895-இல் செத்துப்போனது. வருகிறவர்களின் காலைக் கவ்வுகிற பழக்கத்தால் அந்தப் பெயர் வந்ததாம். அது இறந்த பிறகு ஃபிரான்சிஸ் பாரோ என்கிற ஓவியர் வரைந்த படத்தை 1899-இல் கிராமபோன் கம்பெனி வாங்கிக்கொண்டது. முதலில் வரைந்த படத்தில் இருந்தது உருளையில் பாடுகிற வேறு இயந்திரம், கம்பெனிக்காக அதன்மேல் கிராமபோனை வரைந்து கொடுத்தார். பாட்டும் நாயும் சேர்ந்த பெயர் இதைவிட எதுவும் கிடையாது.

பழந்தமிழ் வேண்டும் என்கிறவர்களுக்கு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் நம்மிடம் பெயர் இருந்தது. இதில் விளரி மட்டும்தான் நாய்க்கு உட்காரும், வீட்டுக்குள் வளர்கிற சாதுவான பெட்டைக்கு அழகாக இருக்கும்.

சரி, இரண்டு மூன்று பெயர் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தூரத்தில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், குழந்தையும் பாட்டியும் பால் கறக்க வருகிறவரும் உட்பட. ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரிக்கிற பெயரை நீக்கிவிடுங்கள். நம் ஆட்கள் எப்படியும் கடைசியில் ஒரு டா, டி சேர்ப்பார்கள், அதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் புதுப் பெயர் வேறு எழுத்தில் தொடங்கட்டும், தோடியும் தகிடாவும் ஒரே வீட்டில் வேண்டாம்.

பெயரைப் பழக்குவது எளிது. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது ஒரே ஒரு முறை சொல்லுங்கள், திரும்பிப் பார்த்த நொடியே வாயில் ஏதாவது கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. திரும்பாவிட்டால் பெயரை விடாமல் கத்தாதீர்கள், கிட்டே போய் நாக்கால் சொடுக்குங்கள், அப்புறம் சொல்லுங்கள். திட்டும்போதும், ஊசி போடப் பிடிக்கும்போதும் பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் கேட்டால் நல்லது நடக்கும் என்று அது நம்பினால்தான் ஓடி வரும்.

ராஜபாளையம் குட்டி வாங்கியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும். எந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்பவில்லை என்றால் பெயரை மாற்றிக்கொண்டே போகாமல், அது தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், தட்டுகிற காற்றும் தரை அதிர்வும் அதன்மேல் படாத தூரத்தில். அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் குட்டிக்கும் பெயர் வையுங்கள், கூடவே ஒரு கைச் சைகையையும் பழக்குங்கள்.

வளர்ந்த நாயை எடுத்து வந்திருந்தால் பழைய பெயரின் ஓசையை ஒட்டி வையுங்கள். டாமி என்று கூப்பிட்டுப் பழகியது திமிக்குச் சீக்கிரம் திரும்பும். முதல் சில நாள் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டு மெல்லப் பழையதை விடலாம்.

மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி போடும்போது அட்டையில் பெயர் எழுதுவார்கள், கேரளத்தில் பஞ்சாயத்து லைசென்ஸுக்கு அந்த ஊசிச் சான்று வேண்டும். அதற்குள் பெயரை முடிவு செய்துவிடுங்கள். அட்டையில் தகதிமி என்று முழுப்பெயரை எழுதச் சொன்னால், கூப்பிடுகிற பெயர் திமி என்று பக்கத்திலேயே குறித்துவிடச் சொல்லுங்கள், ஊசி போட்டு முடிந்த பிறகு டாக்டர் அதைச் சொல்லித் தட்டிக்கொடுக்க வசதியாக இருக்கும்.