பினாங்கில் கப்பல் நின்றால்…

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் மலேசியாவின் பினாங்கில் நிற்கிறதா? கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். சுவெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தாலே ஜார்ஜ் டவுன்தான். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம், நடந்தே பார்த்துவிடலாம்.

வெயில் ஏறுமுன் கார்ன்வாலிஸ் கோட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக லிட்டில் இந்தியா போங்கள். குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போவது நல்லது. பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போனால் இரண்டு இடத்திலும் சங்கடமில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ‘நாசி கண்டார்’ என்ற குழம்புச் சோறு. தமிழ் முஸ்லிம்கள் காவடிக் கம்பில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற காலத்துப் பெயர் அது. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், ருசியே அதில்தான். கையில் கொஞ்சம் ரிங்கிட் சில்லறை வேண்டும்.

பினாங்கு மலைக்கு ஆசைப்படாதீர்கள். மலை ரயில் வரிசையிலேயே அரை நாள் போய்விடக்கூடும்.

அப்புறம், அடுத்த நிறுத்தம் புக்கெட் என்றால் கவனம்: மலேசியாவைவிடத் தாய்லாந்து நேரம் 1 மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். இறங்கும்போதே திரும்ப வேண்டிய நேரம் எந்தக் கணக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.