பழைய கல்யாண கேசட்டை 25 ஃபிரேமில் மாற்றாதீர்கள்

பழைய மினிடிவி, விஎச்எஸ் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டீர்களா? டீஇன்டர்லேஸ் செய்யும்போது, அதாவது வரி விட்டு வரி பின்னிக் கிடக்கும் பாதிப் படங்களை முழுப் படங்களாக மாற்றும்போது, நொடிக்கு 25 ஃபிரேமுக்குப் பதிலாக 50 ஃபிரேமாக மாற்றுங்கள். வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸுக்கு யாடிஃப் என்ற முறை, அதற்குள் ‘பாப்’, ஃபிரேம் ரேட் 50, அவ்வளவுதான்.

நம் ஊரில் இருந்த பால் (PAL) என்ற டிவி முறைக் கேமராக்கள் நொடிக்கு 25 ஃபிரேம் என்று சொன்னாலும், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அதற்கு 1/50 நொடி முன்போ பின்போ எடுக்கப்பட்டவை. அதனால்தான் அட்சதை தூவும் கையின் ஓரம் கம்ப்யூட்டரில் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. 25 ஆக்கினால் சீப்பு போய்விடும், ஆனால் அசைவில் பாதியும் கூடவே போய்விடும், திரும்பக் கிடைக்காது. கை முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு (ஃபிரேமின் ஒற்றை அல்லது இரட்டை வரிகள் மட்டும் உள்ள பாதி) வரிசை தவறு, மினிடிவிக்கு கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும்.

யூடியூப் 720பி-க்குக் கீழே 50 ஃபிரேமைக் காட்டாது, அதனால் அங்கே ஏற்றுவதானால் அளவைப் பெரிதாக்கிவிட்டு ஏற்றுங்கள். சினிமாவைப் பதிந்த கேசட்டுக்கு இது தேவையில்லை, அதில் இரண்டு பாதியும் ஒரே கணத்துப் படம்தான். புரோகிரசிவில், அதாவது எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் எடுத்த வீடியோவுக்கும் அப்படியே.