ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வரலாற்றை எழுதும் முறை

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏற்றவுடன் பலரும் தேடிச் செல்வது திறப்பு விழா மலரையும் நூலகர்களின் பெயர்ப் பட்டியலையும்தான். அவை தேவையே; ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் கட்டடத்தின் வரலாறு கிடைக்குமே தவிர, நூல்கள் எப்படி வந்தன, யாருக்குப் பயன்பட்டன, எப்போது வெளியேறின என்பது தெரியவராது. ஆகவே வேலையை நூல் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு நூலுக்கும் இப்பதிவேட்டில் ஒரு தொடர் எண் உண்டு; பதிவு செய்த தேதி, ஆசிரியர், பதிப்பாளர், விலை, வாங்கியதா நன்கொடையா என்னும் விவரம், கடைசியில் குறிப்புக்கென ஒரு பத்தி ஆகியவையும் இருக்கும். எல்லாப் பக்கங்களையும் படிக்க ஆயுள் போதாது. பத்தாண்டுக்கு ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அவ்வாண்டின் பதிவுகளை முழுமையாகப் பொருள்வாரியாகவும் மொழிவாரியாகவும் எண்ணுங்கள். பதிவுகள் திடீரென மெலியும் ஆண்டு தென்பட்டால், அதற்கு முந்தைய ஆண்டின் நிதிக்குழு நடவடிக்கைக் குறிப்புகளைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பதிவேட்டில் உள்ளது நூலைப் பதிந்த தேதி, நூல் வந்த தேதி அல்ல. நன்கொடையாக வந்த தொகுப்புகள் பிரிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடப்பது பல நூலகங்களிலும் உண்டு. அடுத்து, பல ஆண்டுகளின் பதிவுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால், அது பிற்காலத்தில் படியெடுத்த பதிவேடாக இருக்கக்கூடும்.

நூல் நீக்கப்பட்டதையோ விற்கப்பட்டதையோ காட்டக்கூடிய குறிப்புப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு நூலகம் எதை வேண்டாமென்று ஒதுக்கியது என்பது, அது எதை வாங்கியது என்பதைவிட அதிகமாகப் பேசும் என்பது என் கருத்து. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் லண்டன் பதிப்பாளர் சங்கத்துடன் 1610இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே அச்சாகும் நூல்களின் படிகளைப் பெற்றுவந்தது. 1623இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பும் அங்கு வந்தது. பின்னர் மூன்றாம் பதிப்பு வந்தபோது, பழைய படி மிகையென விற்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1905இல் மாணவர் ஒருவர் தம் குடும்பத்தில் இருந்த பழைய படியைக் கொண்டுவந்து காட்ட, அதன் பைண்டிங்கைக் கொண்டே அது நூலகத்தின் சொந்தப் படி எனக் கண்டறிந்தனர்; மறு ஆண்டு அதை மீட்க 3,000 பவுண்டு கொடுக்க நேர்ந்தது. ஆகவே ஏடுகளோடு நின்றுவிடாமல் அடுக்குகளுக்கும் சென்று முத்திரை, உரிமைச் சீட்டு (உரியவர் பெயரோடு உள்ளே ஒட்டிய சீட்டு), பைண்டிங், அடித்தெழுதிய பழைய அழைப்பெண் (அடுக்கில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) ஆகியவற்றைப் பாருங்கள்.

அழைப்பெண் மாறியிருந்தால் நூலகத்தின் சிந்தனையும் மாறியிருக்கிறது என்று பொருள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். இத்தகைய முறை ஒன்றுக்கு நூலகம் மாறிய காலத்தில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்திருப்பார்களா என்று விசாரியுங்கள்; அது இல்லாமல் பழைய பட்டியலைப் பயன்படுத்துவது கடினம்.

பதிவேடே அழிந்திருந்தால் ஆதாரங்களை நூலகத்துக்கு வெளியே தேடவேண்டும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக நூலகம் 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படையினரால் எரிக்கப்பட்டது. ஈடாக நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஜெர்மனி தரவேண்டுமென்று வெர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் பிரிவு விதித்தது. 1940 மேயில் நூலகம் மீண்டும் எரிந்தது. இத்தகைய நூலகத்துக்கு இழப்பீட்டுக் கடிதங்கள், புத்தக வணிகர்களின் பட்டியல்கள், பிற நூலகங்களுடன் நடந்த பரிமாற்றக் குறிப்புகள் ஆகியவையே ஆதாரங்களாகும்.

ஓய்வுபெற்ற ஊழியர்களிடம் பேசும்போது நூலகர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், நூல்களை எடுத்துக் கொடுத்தவர்களையும் கேளுங்கள். எந்த அடுக்கில் தூசி படிந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இறுதியாக, தொடக்க ஆண்டு. நிறுவ முடிவெடுத்த ஆண்டு, முதல் நூல் பதிவான ஆண்டு, வாசகருக்குக் கதவு திறந்த ஆண்டு மூன்றும் வேறுபடலாம். ஆக்ஸ்ஃபோர்டின் நூலகத்தைச் சீரமைக்க தாமஸ் போட்லி முன்வந்தது 1598இல், அது போட்லியன் நூலகமாகத் திறந்தது 1602இல். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதே கூடத்தில் திறக்கப்பட்ட ஒரு நூலகம், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அழிந்திருந்தது. எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறீர்கள், ஏன் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.