வெயிலுக்கு அழியாத செடிப் பெயர்

மிளகாயும் குடைமிளகாயும் நாற்றாக இருக்கும்போது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதனால் ஐஸ்குச்சிகளில் பெயர் எழுதித் தொட்டிகளில் குத்தி வைத்தேன். ஈர மண்ணில் சில வாரங்களிலேயே குச்சியின் அடி மக்கிப்போனது. சரி என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பட்டை பட்டையாக வெட்டி, அழியாத மை என்று சொல்லி விற்கிற மார்க்கரால் எழுதினேன். மழைக்குத் தாங்கியது, வெயிலுக்குத் தாங்கவில்லை. இரண்டு மாதத்தில் வெறும் வெள்ளைத் துண்டுகள்தான் நின்றன. எது எது என்று காய்த்த பிறகுதான் தெரிந்தது!

கடைசியில் கைகொடுத்தது சாதாரணப் பென்சில். மையில் உள்ள சாயத்தைப் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன், அது வெளுக்காது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் எழுத்து பிடிக்காது என்பதால் முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொண்டேன். 2பி போன்ற மென்மையான பென்சில் நன்றாகப் பதிகிறது.

பல வருடம் நிற்கும் செடிகளுக்குக் காலி அலுமினியக் கேனை வெட்டி, அடியில் செய்தித்தாளை மடித்து வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன். எழுத்து பள்ளமாகவே விழுந்துவிடுகிறது. ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள் (நான் போடவில்லை, விரலில் வாங்கிக்கொண்டேன்). அப்புறம், பின்பக்கம் விதைத்த தேதியையும் எழுதிவிடுகிறேன்.