பழைய ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

மாற்றிய ஃபியூஸும் உடனே போகிறதா? இன்னொன்றைப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து வடியவிடுங்கள். பிறகு அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு இடையே மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். முனைகளை மாற்றி வைத்தாலும் பூஜ்யம் காட்டுவதைக் கழற்றி, தனியாகவும் சோதியுங்கள். ஒன்று போயிருந்தாலும் ஜோடியையே மாற்றுவது நல்லது. அவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் பாருங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 2என்3055 அவுட்புட் டிரான்சிஸ்டர் வாங்கும்போது போலி குறித்துக் கவனம் தேவை. அசிட்டோன் தொட்டுத் தேய்த்து எழுத்து அழிந்தால் வேண்டாம். மைக்காத் தகடு, ஹீட்சிங்க் பேஸ்ட் வைத்து முடுக்கியபின், டிரான்சிஸ்டர் உடல் ஹீட்சிங்கைத் தொடவில்லை என்று மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

பலர் கோட்டைவிடுவது, பயாஸை (பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம்) திருகி வைக்கும் பிரீசெட்டில்தான். தூசு ஏறிய பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டால், பல சர்க்யூட்டுகளில் பயாஸ் உச்சத்துக்கு ஏறி, புது டிரான்சிஸ்டரையும் நொடியில் பொசுக்கிவிடும். சில ரூபாய்ச் சாமான், யோசிக்காமல் மாற்றுங்கள்.

முதல் முறை ஸ்பீக்கர் இல்லாமல், 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் லைனில் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஸ்பீக்கர் முனையில் டி.சி. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பல்பை எடுத்துவிட்டு, 15 நிமிடம் சூடேறவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்குப் பயாஸை மெதுவாக ஏற்றுங்கள். 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 21 மில்லிஆம்பியர்.