நீரா, பெராக்சைடா? உலோக அணைவு வினையூக்கியின் போக்கை அளந்தறியும் முறை

மின்வாயில் ஒடுங்கும் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை ஏற்றால் நீராகும் (திட்ட மின்னழுத்தம் 1.23 வோல்ட்), இரண்டோடு நின்றுவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடாகும் (0.70 வோல்ட்). எரிபொருள் மின்கலத்துக்கு முதல் வழியே வேண்டும். கோபால்ட் தாலோசயனின் இவ்வொடுக்கத்தை ஊக்குவிக்கிறது என்று 1964இல் ஆய்வாளர் ஜாசின்ஸ்கி அறிவித்த நாளிலிருந்து, எந்த அணைவுச் சேர்மம் (உலோக அணுவைச் சுற்றிப் பிற மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) ஆக்சிஜனை எந்த வழியில் செலுத்துகிறது என்ற தேடல் தொடர்கிறது.

ஒற்றைக் கோபால்ட் போர்பிரினில் (போர்பிரின் என்பது நடுவே உலோகத்தைப் பிடித்திருக்கும் வளைய வடிவக் கரிம மூலக்கூறு) ஆக்சிஜன் ஒரு முனையால் மட்டும் தளர்வாகப் பிணைவதால் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு அறுபடாமல் எஞ்சி, பெரும்பாலும் பெராக்சைடே கிடைக்கிறது. இரும்புப் போர்பிரின் அப்பிணைப்பை எளிதில் பிளக்கிறது. வேதியியலர்கள் கோல்மன், ஆன்சன் ஆகியோர் செய்ததுபோல் இரண்டு கோபால்ட் போர்பிரின்களைத் தக்க இடைவெளியில் எதிரெதிராக நிறுத்தினால், கோபால்ட்டே நீர் வரை செல்கிறது. ஆகவே உலோகத்தின் பெயரை வைத்து மட்டும் முடிவு கட்டலாகாது, அளந்தே தீரவேண்டும்.

அதற்கான கருவி, நடுவில் வட்டும் அதைச் சுற்றித் தனி வளையமும் கொண்ட சுழலும் வட்டு-வளைய மின்வாய். முதலில் கண்ணாடிக் கார்பன் வட்டை 0.05 மைக்ரான் அலுமினாத் தூளால் ஆடிபோல் மெருகேற்றிக் கழுவுங்கள். அணைவுச் சேர்மத்தைக் கார்பன் தூளுடனும் சிறிது நாஃபியானுடனும் (அயனி கடத்தும் பலபடி) ஆல்கஹாலில் கலக்கி, சில மைக்ரோலிட்டர் மட்டும் வட்டின்மேல் இட்டு உலர்த்துங்கள். கலவை வளையத்தின்மேல் வழிந்தால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது. மின்பகுளியாக 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலம் போதும். காரத்தில் வெறும் கார்பனே ஆக்சிஜனைப் பெராக்சைடாக்கிவிடும் என்பதால், புதியவர்கள் அமிலத்தில் தொடங்குவதே உசிதம். மின்சுற்றை நிறைவுசெய்யும் துணை மின்வாய்க்குக் கிராஃபைட் தண்டு கொள்க. பிளாட்டினம் கரைந்து வட்டில் படிந்தால் உங்கள் வினையூக்கி இல்லாத திறமையைக் காட்டும்.

அடுத்து, நைட்ரஜன் செலுத்திப் பின்னணி மின்னோட்டத்தைப் பதிவு செய்து, பிறகு கரைசலை ஆக்சிஜனால் நிறைவுறச் செய்யுங்கள். நிமிடத்துக்கு 1600 சுற்றுகளில் மின்வாயைச் சுழற்றி, வட்டின் மின்னழுத்தத்தை நொடிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் இறக்குங்கள். பிளாட்டின வளையத்தை மீள் ஹைட்ரஜன் மின்வாயை (மின்னழுத்தத்தை அளக்க உதவும் ஒப்பு மின்வாய்) ஒப்பிட்டு ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் நிறுத்தினால், வட்டிலிருந்து விசிறப்படும் பெராக்சைடு அங்கே ஆக்சிஜனேற்றமடைந்து தன் அளவைத் தானே சொல்லிவிடும்.

வளைய மின்னோட்டத்தைச் சேகரிப்புத் திறனால் (வட்டிலிருந்து விசிறப்படுவதில் வளையம் பிடிக்கும் பங்கு) வகுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, பின்னணி கழித்த வட்டு மின்னோட்டம் 0.40, வளைய மின்னோட்டம் 0.06 மில்லியாம்பியர், சேகரிப்புத் திறன் 0.25 எனில், வகுத்து வருவது 0.24. எலக்ட்ரான் எண்ணிக்கை 4 × 0.40 ÷ (0.40 + 0.24), அதாவது 2.5, பெராக்சைடு விழுக்காடு 200 × 0.24 ÷ 0.64, அதாவது 75.

இந்த எண்ணை உடனே நம்பிவிட வேண்டாம். படலம் தடித்திருந்தால், உள்ளே உருவாகும் பெராக்சைடு வெளியேறுமுன் மறுபடி ஒடுங்கி நீராகி, இரண்டு எலக்ட்ரான் வினையூக்கியும் நான்கு எலக்ட்ரான் வினையூக்கிபோல் தோன்றும். வட்டில் இடும் அளவைப் பாதியாக்கி மீண்டும் அளந்து பாருங்கள். பெராக்சைடு விழுக்காடு கூடினால் முதல் எண் படலத்தின் தடிமனைச் சொன்னதே தவிர, அணைவுச் சேர்மத்தின் இயல்பை அல்ல.